பனியன் கம்பெனிக்குப் பிரச்சினை வந்தால் யார் பேசுவது?

இந்த செமஸ்டரில் எங்களுக்கு மக்கள் தொடர்பு என்று ஒரு பேப்பர். அதில் நெருக்கடி நேரத்தில் ஒரு நிறுவனம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு யூனிட். புத்தகத்தைத் திறந்தால் முதல் உதாரணம் டைலனால். 1982-ல் சிகாகோ பக்கம் யாரோ மாத்திரை பாட்டில்களில் சயனைடு கலந்துவிட, ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. மறைக்காமல் பேசியது, பெயரும் பிழைத்தது. உலகத்தில் உள்ள எல்லா மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் இந்தக் கதை இருக்கும் போல.

நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் என்பது ஒரே கம்பெனி. மாத்திரை அவர்களுடையது, பாட்டிலும் அவர்களுடையது, பேச ஒரு தலைவரும் இருந்தார். நம்ம ஊர் டி-சர்ட் அப்படியா? நூல் ஒரு மில்லிலிருந்து வருகிறது. நிட்டிங் ஒருவர், சாயம் இன்னொருவர், காம்பாக்டிங் வேறொருவர். கட்டிங் கம்பெனிக்குள்ளே நடக்கும். அப்புறம் பிரிண்டிங்குக்கு வெளியே போகும், எம்ப்ராய்டரிக்கு இன்னொரு இடம். தைத்து வந்தபின் காஜா பட்டனுக்கு ஒரு தெரு தள்ளி. பிசிறு வெட்ட மூட்டையாகக் கட்டி யார் வீட்டுத் திண்ணைக்கோ. இத்தனை கை மாறிய ஒரு பீஸில் எங்கோ ஓரிடத்தில் தப்பு நடந்து அது டிவியில் வந்தால், பதில் சொல்ல வேண்டியது யார்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. 2008-லேயே நடந்துவிட்டது.

அந்த ஆண்டு ஜூன் 23-ம் தேதி பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் பிரைமார்க் என்ற மலிவு விலைத் துணிக்கடைச் சங்கிலியைப் பற்றி ஒரு படம் ஒளிபரப்பானது. திருப்பூரில் ஆர்டர் எடுத்த கம்பெனிகள், சட்டையில் மணியும் ஜிகினாவும் தைக்கும் வேலையை வெளியே கொடுத்திருக்கின்றன. அது கைமாறிக் கைமாறி பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாம் வரை போயிருக்கிறது. அங்கே குழந்தைகள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். படம் ஒளிபரப்பாவதற்கு ஒரு வாரம் முன்பே, ஜூன் 16-ல், பிரைமார்க் ஒரு அறிக்கை விட்டது. மூன்று தென்னிந்திய சப்ளையர்களை நீக்கிவிட்டோம், எங்களுக்குத் தெரியாமல் வெளியே வேலை கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் எங்கள் மொத்தக் கொள்முதலில் 0.04 சதவீதம் மட்டுமே என்றது.

இந்த 0.04-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மக்கள் தொடர்பு கண்ணோட்டத்தில் கெட்டிக்காரத்தனமான எண். 'பார்த்தீர்களா, எவ்வளவு சின்ன விஷயம்' என்று லண்டன் வாசகனுக்குச் சொல்கிறது. ஆனால் அந்த 0.04 சதவீதத்துக்குள் மூன்று கம்பெனிகள் இருந்தன. அந்த மூன்றுக்குள் எத்தனை டெய்லர்கள், எத்தனை செக்கிங் பெண்கள்? அவர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை. அந்தக் காலத்துச் செய்திகளைப் பின்னால் தேடிப் படித்தால், பிபிசி பேசுகிறது, பிரைமார்க் பேசுகிறது, லண்டன் கடை வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் கூடப் பேசுகிறார். திருப்பூர் குரல் மட்டும் மிகச் சன்னமாகக் கேட்கிறது.

கதை அங்கே முடியவும் இல்லை. அதே படத்தில் பெங்களூரில் எடுத்ததாக ஒரு 45 வினாடிக் காட்சி இருந்தது. மூன்று பையன்கள் ஒரு பட்டறையில் தையலைச் சோதிப்பது போல. அது உண்மைக் காட்சி இல்லை என்று பிரைமார்க் மூன்று ஆண்டு விடாமல் சண்டை போட்டது. 2011 ஜூனில் பிபிசி டிரஸ்ட், அந்தக் காட்சி உண்மையானதாக இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று முடிவு சொன்னது. பிபிசி மன்னிப்புக் கேட்டது, அந்தப் படத்துக்குக் கிடைத்த விருதும் திரும்பிப் போனது. இதை மட்டும் பிடித்துக்கொண்டு 'பாத்தீங்களா, எல்லாமே பொய்ங்க' என்று சொல்கிறவர்களை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். எல்லாமே பொய் இல்லை. பிரைமார்க் தன் சொந்த விதிகளையே மீறியதற்கு வேறு இடங்களில் ஆதாரம் கிடைத்தது என்று அதே டிரஸ்ட் அதே முடிவில் சொல்லியிருக்கிறது.

மூன்று ஆண்டு சண்டை போட பிரைமார்க்கிடம் பணமும் வக்கீலும் இருந்தன. வேலம்பாளையத்தில் 40 மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் அது இருக்காது. பொய்க் குற்றச்சாட்டு வந்தாலும் அவரால் மறுக்க முடியாது. மறுக்க வேண்டுமானால் தன் பீஸ் எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! 'அது ஜாப் ஒர்க்குக்குப் போனதுங்க, அவங்க யாருகிட்ட குடுத்தாங்கன்னு தெரியலீங்க' என்பார். அது சத்தியமான உண்மையாகவே இருக்கும். ஆனால் கேட்கிறவன் காதில் பச்சைப் பொய்யாக விழும்.

என் கட்சி இதுதான். திருப்பூர் கம்பெனிகளுக்கு நெருக்கடி நேரத்தில் பேசத் தெரியாமல் போவதற்குக் காரணம் இங்கிலீஷ் வராதது இல்லை, பி.ஆர். ஏஜென்சி வைக்காததும் இல்லை. தன் சொந்தக் கம்பெனியில் என்ன நடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்கும் வழி முன்பே இல்லாததுதான். கேட்டு வைக்காதவர் பேச வாயைத் திறந்தால் வருவது மறுப்பு மட்டும்தான். புத்தகத்தில் இருக்கிற 'செய்தித் தொடர்பாளரை நியமிக்கவும், அறிக்கை மாதிரிகளைத் தயாராக வைக்கவும்' எல்லாம் அதற்குப் பின்னால் வருகிற விஷயங்கள்.

கேட்கும் வழி இல்லாதது கூடப் பரவாயில்லை. இருக்கிற வழியையும் நாமே அடைக்கிறோம் என்பது அதைவிட மோசம். எல்லாக் கம்பெனியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பூரில் வளர்ந்த யாருக்கும் இது புதுச் செய்தி இல்லை. பையர் தரப்பிலிருந்து ஆடிட் வருகிறது என்றால் இரண்டு நாள் முன்பே ஒத்திகை ஆரம்பித்துவிடும். 'எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் எட்டு என்று சொல்லு', 'ஓவர்டைம் டபுள் சம்பளம் வாங்குகிறேன் என்று சொல்லு'. ஒன்றரை ஷிப்ட் என்ற வார்த்தையே அன்று வாயில் வரக்கூடாது (நம்ம ஊரில் குழந்தைக்குக் கூடத் தெரிந்த வார்த்தை அது!). சில இடங்களில் ரெஜிஸ்டரும் இரண்டு. ஆடிட் பாஸ் ஆகிவிடும், ஆர்டரும் வந்துவிடும். சரி, அதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா?

நஷ்டம் நெருக்கடி வரும்போது தெரியும். ஒரு நாள் உண்மையிலேயே அநியாயமான குற்றச்சாட்டு ஒன்று கம்பெனி மேல் வருகிறது என்று வையுங்கள். அன்றைக்கு முதலாளி தன் தொழிலாளிகளைக் காட்டி 'இவர்களையே கேளுங்கள்' என்று சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் கம்பெனிக்காகப் பொய் சொல்லப் பழக்கப்பட்ட சாட்சியை யார் நம்புவார்கள்? வெளிநாட்டுப் பத்திரிகைக்காரனுக்கும் இந்த ஒத்திகை விஷயம் தெரியும். ஆக வருஷத்துக்கு இரண்டு தடவை ஆடிட்டில் ஜெயிப்பதற்காக, ஒரு தடவை வரப்போகிற பெரிய ஆபத்துக்கு வைத்திருக்க வேண்டிய ஒரே ஆயுதத்தை நாமே மழுங்கடித்து வைக்கிறோம்.

கேட்கிற வழி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கொஞ்சம் கனமான விஷயம். திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்துக்கு திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் என்ற ஆலை. 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த ஒரு இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் மீதே கொலை வழக்கு. பிப்ரவரி தொடக்கத்தில் லண்டன் கார்டியனில் செய்தி வந்தது. எச் அண்ட் எம் போன்ற பெரிய பிராண்டுகளின் பெயரும் சேர்ந்து அடிபட்டது. அதற்குப் பிறகுதான் அந்த ஆலையில் பாலியல் தொல்லையைப் பற்றி வேறு பல பெண்களும் பேச ஆரம்பித்தார்கள்.

பேச ஆரம்பித்தார்கள் என்றால், அதுவரை பேசவில்லையா? அல்லது பேசியது மேலே போய்ச் சேரவில்லையா? 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு உறுப்பினரும் இருக்க வேண்டும். பல ஆலைகளில் அந்தக் குழு சுவரில் ஒட்டிய நோட்டீஸாக மட்டும் இருக்கிறது. சூப்பர்வைசரைப் பற்றிய புகாரை சூப்பர்வைசர் வழியாகத்தான் கொடுக்க முடியும் என்றால் எந்தப் பெண் கொடுப்பாள்?

2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது. ஒரு பக்கம் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் இது. அதோடு ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இயங்கும் தொழிலாளர் அமைப்புகள். இன்னொரு பக்கம் ஈஸ்ட்மேன். எச் அண்ட் எம் தனியாக இதே அடிப்படையில் கையெழுத்துப் போட்டது, பின்னால் கேப், பிவிஎச் நிறுவனங்களும் வந்தன. இந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்தது, தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, தொல்லை நடந்தால் கவனித்துச் சொல்லும் வேலையை அவர்களிடம் கொடுத்தது. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன என்று ஒப்பந்தத்தின் முதலாண்டு அறிக்கை சொல்கிறது.

நம்ம முதலாளிகள் பலர் 185 புகார் என்ற எண்ணைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்கள் :-) எனக்கு அது நல்ல எண்ணாகத்தான் தெரிகிறது. அந்த 185-ம் முன்பெல்லாம் எங்கே இருந்தன? ஹாஸ்டல் அறையில், கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில், வீட்டுக்குப் போன் பேசும்போது அழுகையில். இப்போது மேஜைக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2022 ஜூலை 29-ல் அமெரிக்க சுங்கத்துறை, கட்டாய உழைப்பு இருப்பதாகச் சொல்லி, நாச்சி அப்பேரல்ஸ் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்கும் உத்தரவு போட்டது. ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு இதைவிடப் பெரிய இடி கிடையாது. இப்படிப்பட்ட தடைகளில் சில ஆண்டுக்கணக்கில் நீடித்ததுண்டு. இது நாற்பது நாளில், செப்டம்பர் 7-ல் நீங்கியது. எப்படி? கம்பெனியை எதிர்த்துப் போராடிய அதே தொழிற்சங்கத் தரப்பே, நிலைமை மாறியிருக்கிறது, ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னது. கம்பெனியே ஆயிரம் அறிக்கை விட்டிருந்தாலும் இந்த ஒரு குரலுக்கு ஈடாகியிருக்காது.

ஆனால் இதை வெற்றிக் கதையாகக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண் செத்த பிறகு வந்த ஏற்பாடு இது.

2023 மார்ச்சுக்கு வருகிறேன். இது நம்மில் பலர் கண்ணால் பார்த்தது. பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. டிஜிபி சைலேந்திர பாபு, பரவிய இரண்டு வீடியோக்களைக் குறிப்பிட்டு விளக்கம் கொடுத்தார். ஒன்று பீகார் தொழிலாளர்கள் இரண்டு கோஷ்டியாகத் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்டது. இரண்டிலும் தமிழர், வடமாநிலத்தவர் மோதலே இல்லை. ஆனால் ஹோலி வேறு மார்ச் 8-ம் தேதி. ஊருக்குப் போகிறவர்கள் கூட்டமும் பயந்து போகிறவர்கள் கூட்டமும் திருப்பூர் ரயில் நிலையத்தில் ஒன்றாகக் கலந்து நிற்க, பார்க்கிறவர்களுக்கு எல்லாமே ஓட்டமாகத் தெரிந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்று திருப்பூருக்கே வந்து விசாரித்துப் போனது. போலீஸ் இந்தி தெரிந்த ஆட்களை வைத்து உதவி எண் ஆரம்பித்தது. கம்பெனிகளுக்குப் போய்க் கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

அரசு ஓரளவு வேகமாகவே செயல்பட்டது என்பேன். என் கேள்வி கம்பெனிகளைப் பற்றி. லட்சத்துக்கும் மேல் வடமாநிலத் தொழிலாளர்கள் இந்த ஊரில் வேலை செய்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் ஒரு பீகார்ப் பையனுக்கு அவன் அம்மா ஊரிலிருந்து போன் போட்டு 'உடனே கிளம்பி வா' என்று அழும்போது, அவன் யாரிடம் போய் இது உண்மையா என்று கேட்பான்? முதலாளிக்கு இந்தி தெரியாது. சூப்பர்வைசருக்கு 'ஜல்தி', 'காம் கரோ' தெரியும். நடுவில் இருப்பது ஆள் பிடித்து வரும் காண்ட்ராக்டர் ஒருவர்தான். அவர் சொல்வதே கம்பெனி சொல்வது. அவருக்கு வேறு ஊரில் அதிகக் கமிஷன் கிடைத்தால் அவர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

சாதாரண நாளில் அவன் மொழியில் ஒரு வார்த்தை பேசியிராத கம்பெனி, வதந்தி வந்த அன்று மைக் வைத்து 'ஆப் லோக் சுரக்ஷித் ஹைன்' என்றால் அவனுக்கு இன்னும் பயம்தான் வரும்! மாதம் ஒரு தடவை அவன் மொழி தெரிந்த ஒருவரை வைத்து, சம்பளப் பிடித்தம் என்ன, ரூமில் தண்ணி வருகிறதா, பி.எஃப். கணக்கு என்ன ஆச்சு என்று பேசியிருந்தால், அன்றைக்கும் அதே ஆள் போய்ப் பேசியிருக்கலாம். இதற்கு ஒன்றும் கோடிக்கணக்கில் செலவு இல்லை.

சாயப்பட்டறை விஷயத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை (முழுதாக எழுத ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரை). நொய்யல் பாசன விவசாயிகள் பல ஆண்டு கத்தினார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணி தேங்கி, கீழே இருக்கிற வயலெல்லாம் வீணானது. தொழில் தரப்பிலிருந்து வந்த பதில் எப்போதும் 'செய்துகொண்டிருக்கிறோம், இன்னும் அவகாசம் வேண்டும்'. சொட்டுக் கழிவுநீர் கூட வெளியே விடக்கூடாது என்ற உத்தரவை உச்ச நீதிமன்றமே 2009-ல் உறுதி செய்தது. அதற்குப் பிறகும் கெடு மேல் கெடு. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. இன்றைக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்பதையே பையர்களிடம் திருப்பூர் விளம்பரமாகச் சொல்கிறது. சொல்லட்டும், சந்தோஷம். ஆனால் இந்தப் பெயர் சுத்திகரிப்பு நிலையம் ஓடிய பிறகு வந்தது. அதற்கு முன்னால் கொடுத்த பேட்டிகளால் வரவில்லை.

சரி, 40, 60 மெஷின் வைத்திருக்கும் ஒரு சாதாரண கம்பெனி என்னதான் செய்ய முடியும்?

முதலில் ஒரு நோட்டு. கம்ப்யூட்டர் கூட வேண்டாம். எந்த ஆர்டர், எத்தனை பீஸ், எந்தத் தேதியில் எந்த ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போனது, அங்கிருந்து வீடுகளுக்குப் போகிறதா, போனால் எந்தத் தெரு. மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் டூவீலரை எடுத்துக்கொண்டு போய் நேரில் பார்த்துவிட்டு வர வேண்டும். டெலிவரி சலான் இருக்கிறதே என்பார்கள். சலானில் பீஸ் கணக்கு இருக்கும், யார் கை பட்டது என்று இருக்காது. இதைப் பையரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. வெளியே கொடுக்காமல் திருப்பூரில் யாராலும் ஷிப்மென்ட் முடிக்க முடியாது என்பது பையருக்கும் தெரியும். விலையை அடித்துப் பேசி, டிசைனைக் கடைசி நிமிடத்தில் மாற்றி, தேதியை மட்டும் மாற்றாமல் வைத்திருப்பது யார்? அவர்கள்தானே. இரண்டு பக்கமும் தெரியாத மாதிரி நடிப்பதால்தான் விஷயம் வெளியே வந்ததும் 'எங்களுக்குத் தெரியாமல் செய்துவிட்டார்கள்' என்று கையைக் கழுவ அவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், அதே பிரைமார்க் ஐந்து ஆண்டு கழித்து வேறு மாதிரி நடந்துகொண்டது. 2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிபாடுகளில் கிடந்த லேபிளைப் பார்த்த பிறகும் அது எங்கள் சரக்கா என்று இழுத்தடித்த பிராண்டுகள் உண்டு. பிரைமார்க்கோ, ஆமாம் எங்கள் சப்ளையர் அந்தக் கட்டடத்தில் இருந்தார் என்று சீக்கிரமே ஒப்புக்கொண்டு, உதவித்தொகையும் நஷ்டஈடும் கொடுக்க ஆரம்பித்தது. மனசாட்சியா, வியாபாரக் கணக்கா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்தக் குடும்பங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் வாட்ச்மேன். சிரிக்காதீர்கள். கம்பெனி மேல் ஒரு செய்தி வந்தால், கேமராவோடு வருகிறவர் முதலில் சந்திப்பது எம்.டி.யை இல்லை, கேட்டில் நிற்கும் வாட்ச்மேனை. அவர் பதறிப்போய்க் கேமராவைக் கையால் மறைப்பார், கேட்டை இழுத்துச் சாத்துவார். சாயங்காலம் டிவியில் திரும்பத் திரும்ப வருவது அந்தக் கைதான். 'வணக்கமுங்க, உக்காருங்க, இன்னாரு வந்து பேசுவாருங்க' என்று சொல்ல அவருக்குச் சொல்லிக்கொடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த இன்னார் யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். முதலாளி பையர் மீட்டிங்குக்காக ஜெர்மனியில் இருக்கும்போதுதான் இதெல்லாம் நடக்கும் என்பதால், இரண்டாவது ஆளும் தயாராக இருப்பது நல்லது.

அவர் என்ன பேசுவது? வக்கீல் எதுவுமே பேசாதே என்பார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, சொன்ன வார்த்தை நாளைக்குக் கோர்ட்டில் வந்து நிற்கும். ஆனால் தப்பை ஒப்புக்கொள்வது வேறு, தெரிந்ததைச் சொல்வது வேறு. இன்ன நேரத்தில் இது நடந்தது, இத்தனை பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், அவர்கள் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டோம், காரணம் இன்னும் தெரியாது, நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடியும் பேசுகிறோம். இதில் எந்த வார்த்தை கேஸைக் கெடுக்கும்? பத்து மணி என்று சொன்னால் பத்து மணிக்கு வந்து நிற்க வேண்டும், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும். 'இது வெளிநாட்டு என்ஜிஓக்களின் சதி' என்று ஆரம்பித்தால் மட்டும் முடிந்தது கதை. நாளைக்கு ஒரே ஒரு உண்மை வெளியே வந்தாலும் மற்ற எல்லாப் பொய்க் குற்றச்சாட்டும் உண்மையாகிவிடும்.

வரிசையும் முக்கியம் என்று நினைக்கிறேன். இங்கே எல்லோரும் முதலில் பையருக்கு மெயில் தட்டுவார்கள். என்னைக் கேட்டால் முதலில் பாதிக்கப்பட்டவரின் வீடு, அடுத்து ஷிப்டில் இருக்கும் தொழிலாளிகள், பிறகு பையர், அதற்கப்புறம் பத்திரிகை. தன் கம்பெனியில் நடந்ததை டெய்லர் மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டால், டீக்கடையில் அவர் சொல்கிற கதையை யாராலும் திருத்த முடியாது.

இதையெல்லாம் ஒவ்வொரு சின்னக் கம்பெனியும் தனியாகச் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரிகிறது. காலையில் நூல் விலை, மதியம் கரண்ட் கட், சாயங்காலம் சம்பளம் என்று ஓடுகிற மனிதரிடம் போய் மக்கள் தொடர்பு என்றால் அடிக்க வருவார். ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-லிருந்தும், சைமா அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தும் இருக்கின்றன. நூல் விலை ஏறினால் டெல்லி வரை போய்ப் பேசத் தெரிந்த சங்கங்கள் இவை. இந்தி, ஒடியா, பெங்காலி தெரிந்த நாலு பேரைப் பொதுவாகச் சம்பளம் கொடுத்து வைத்து, உறுப்பினர் கம்பெனிகளுக்கெல்லாம் சுற்றில் அனுப்புவது இவர்களால் முடியாத காரியம் இல்லை. ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் சங்கங்களையும் இதில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பிரச்சினை பெரும்பாலும் வெடிப்பது அங்கேதான்.

அந்த நோட்டு விஷயத்தை நாமே கூட ஆரம்பிக்கலாம் என்று தோன்றுகிறது. ஆறாவது செமஸ்டர் புராஜெக்டுக்கு எப்படியும் ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போய் 'ஊழியர் திருப்தி - ஓர் ஆய்வு' என்று ஐம்பது கேள்வித்தாளை நிரப்பி பைண்டிங் போட்டுக் கொடுக்கத்தான் போகிறோம். அதற்குப் பதில் ஒரு கம்பெனியின் ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு, கட்டிங் டேபிளிலிருந்து பேக்கிங் அட்டைப்பெட்டி வரை அந்தப் பீஸ் போகிற ஒவ்வொரு இடத்துக்கும் பின்னாலேயே போய் எழுதிக்கொண்டு வந்தால் என்ன? அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் கேட்டு வைத்திருக்கிறேன், பெயர் போடாவிட்டால் சரி என்கிறார். டூவீலர் என்னிடம் இருக்கிறது. ஒடியா தெரிந்தவர் யாராவது கூட வந்தால் நன்றாக இருக்கும்.